இடுப்பு நழுவிய பூனையும் அது திரும்பிப்போகும் வீடும்

பூனைக்கு இடுப்பு மூட்டு நழுவிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அறுவைப் பாடநூல்களில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில், மயக்கம் கொடுத்து, தோலைத் திறக்காமல் கையாலேயே தொடை எலும்பின் தலையை இடுப்புக் கிண்ணத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அது நிற்காவிட்டால் திறந்து, நூலோ கம்பியோ வைத்து மூட்டை அதன் இடத்தில் நிறுத்த வேண்டும். அதுவும் தோற்றால்தான், கடைசிப் புகலாக, எலும்பின் தலையையும் கழுத்தையும் வெட்டி எடுத்துவிட்டுத் தசைகளின் பலத்தில் கால் நடக்கட்டும் என்று விட வேண்டும். இந்த வரிசையில் மேலே இருப்பது உயர்ந்த சிகிச்சை, கீழே இருப்பது வேறு வழியில்லாதவர்களுக்கானது என்ற எண்ணம் மாணவப் பருவத்திலேயே கால்நடை மருத்துவர்களான எங்களுக்குள் ஊறிவிடுகிறது. வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் பூனைக்கு வைத்தியம் பார்ப்பவர் இந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. கையால் ஏற்றிப் பார்ப்பது ஒரே ஒரு முறை. அது தோற்றால், நடுவில் உள்ள படியைத் தாண்டி நேரே எலும்புத் தலையை நீக்கிவிடலாம். சில பூனைகளுக்கு முதல் படியே வேண்டாம். காசு இல்லாத ஊர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மூட்டு அறுவையின் பலனில் பாதிதான் மேசையின்மேல் முடிவாகிறது. மீதிப் பாதியை, அடுத்த நான்கு வாரம் அந்தப் பூனை எங்கே எப்படி இருக்கப்போகிறது என்பது முடிவு செய்கிறது. அந்த நான்கு வாரத்தைக் கணக்கில் எடுக்காமல் எது உயர்ந்த அறுவை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

இந்த அடி இங்கே எப்படி வருகிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். கும்மிடிப்பூண்டித் தடத்தின் ரயில்வே கேட்டும் சரக்கு யார்டும் பேட்டையைப் பிளந்து கிடக்கின்றன. துறைமுகம், மணலி, எண்ணூர் என்று போய்வரும் கன்டெய்னர் லாரிகளும் டேங்கர்களும் சுற்றியுள்ள பெரிய சாலைகளை இரவிலும் விடுவதில்லை. ஆனால் லாரியில் அடிபட்ட பூனை பெரும்பாலும் வைத்தியரிடம் வந்து சேர்வதில்லை. வந்து சேர்வது சந்துக்குள் பைக்கிலும் மீன்பாடி வண்டியிலும் இடிபட்டது, கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது, மாடியிலிருந்து விழுந்தது. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறியது. வடசென்னையில் அந்த வாரியம் கட்டிய குடியிருப்புகளில் பெரும்பாலானவை மூன்று, நான்கு மாடி உயரமுள்ளவை. சன்ஷேடும் கைப்பிடிச் சுவரும் மாடிப்படி ஜன்னலும்தான் அங்கே பூனைக்கு வீதி. ஒரு சன்ஷேடிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது அதன் அன்றாட வழி. மழை ஈரத்தில் ஒரு நாள் அந்தத் தாவல் தவறுகிறது.

மூன்று மாடி உயரம் பூனைக்கு ஒன்றும் செய்யாது, அது நான்கு காலில்தான் விழும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. நியூயார்க்கில் உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி விட்னியும் மெல்ஹாஃபும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு, சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன என்றது. அந்த எண்ணைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே ஆய்வில், ஏழு மாடி வரை உயரம் கூடக் கூடக் காயமும் கூடியது. ஏழுக்கு மேல் குறைந்ததுபோலத் தெரிவதற்கு, அங்கிருந்து விழுந்து இறந்தவற்றை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கிவரவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். நம் வாரியக் குடியிருப்புகளில் பெரும்பாலானவை அந்த ஏழு மாடிக்குள் அடங்குபவை. உயிர் போகாது, ஆனால் மூட்டும் எலும்பும் அடிவாங்கும் என்ற உயரத்தில்தான் இங்குள்ள பூனைகள் வாழ்கின்றன.

பூனைக்கு நழுவும் மூட்டுகளில் இடுப்பே முதலிடம். தொடை எலும்பின் உருண்டைத் தலையைக் கிண்ணத்தோடு கட்டிவைத்திருப்பவை உள்ளே ஒரு குட்டையான தசைநாரும், சுற்றிலும் மூட்டுறையும், அதன்மேல் புட்டத் தசைகளும். அடி விழும்போது முதலிரண்டும் கிழிந்து, புட்டத் தசைகளின் இழுப்பில் எலும்புத் தலை முன்னும் மேலுமாக ஏறிக்கொள்கிறது. கால் குட்டையாகத் தெரியும், பாதம் உடம்புக்கு அடியில் ஒதுங்கும், முழங்கால் வெளிப்பக்கம் திரும்பும். கையில் எடுத்ததுமே பழகியவருக்குப் புரிந்துவிடும். ஆனாலும் எக்ஸ்ரே இல்லாமல் கை வைக்கக் கூடாது. தொடைக் கழுத்து முறிந்தாலும், கிண்ணம் உடைந்தாலும், இளம் ஆண் பூனையில் எலும்புத் தலை வளர்ச்சிக் கோட்டோடு பிரிந்தாலும் வெளித்தோற்றம் ஏறக்குறைய இதேதான். அதற்கும் முன்னால் நெஞ்சையும் வயிற்றையும் பார்க்க வேண்டும். நுரையீரல் கன்றியோ உதரவிதானம் கிழிந்தோ மூத்திரப்பை உடைந்தோ இருக்கும் பூனைக்கு இடுப்பைப் பற்றிய பேச்சு ஒரு நாள் பொறுக்கலாம்.

ஒரு நாள் பொறுக்கலாம், ஒரு வாரம் பொறுக்க முடியாது. கையால் ஏற்றுவதற்கு முதல் இரண்டு மூன்று நாள்தான் நல்ல காலம். அதற்குப் பிறகு கிண்ணத்துக்குள் இரத்தக்கட்டியும் நார்த்திசுவும் அடைத்துக்கொள்கின்றன, தசைகள் சுருங்கிவிடுகின்றன. கொருக்குப்பேட்டையில் அந்த மூன்று நாள் எப்படிக் கழிகிறது என்பது ஊரறிந்தது. முதல் நாள் 'கால் பிசகிடுச்சு, தானா சரியாயிடும்'. இரண்டாம் நாள் எண்ணெய் போட்டு உருவுவது. மூன்றாம் நாள் கட்டு. ஆந்திரத்துப் புத்தூரின் பெயரால் நடக்கும் எலும்புக்கட்டின்மேல் வடசென்னைக்கு உள்ள நம்பிக்கை நேற்று வந்ததில்லை. கை மணிக்கட்டையும் கணுக்காலையும் அப்படிக் கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பியவர்கள் ஏராளம். அவர்களிடம் அதைக் குறைத்துப் பேசுவது பயனற்றது, நியாயமும் இல்லை. ஆனால் இடுப்பு மூட்டு கட்டுக்கு எட்டும் இடத்தில் இல்லை. அது தசைக்கு அடியில் புதைந்திருக்கிறது. வெளியே எவ்வளவு இறுக்கினாலும் எலும்புத் தலையை ஒரு விரற்கடை அசைக்க முடியாது. இறுக்கத்தின் பலன் கீழேதான் தெரியும்: பாதம் வீங்கும், இரத்தம் ஓடாது, தோல் கறுக்கும். மூட்டுக்காக வந்த பூனைக்குக் காலையே எடுக்க வேண்டிவரும்.

மருத்துவமனையில் நாங்கள் போடும் தூளிக்கட்டும் பூனையிடம் அதிகம் செல்லாது. நாய்க்கு வகுத்த முறை அது. மடக்கிய காலை வயிற்றோடு சேர்த்துக் கட்டி, பத்துப் பதினைந்து நாள் ஊன்றாமல் வைத்திருப்பது. பூனை தளர்ந்த தோலும் நெளியும் உடம்பும் கொண்டது. ஓர் இரவில் கட்டை உருவிப் போட்டுவிடும், அல்லது அதிலேயே சிக்கித் தொடையின் உட்புறம் புண்ணாக்கிக்கொள்ளும். கையால் ஏற்றிய இடுப்புகளில் பாதிக்குப் பாதி மறுபடி நழுவிவிடுகின்றன என்றே பாடநூல்களும் சொல்கின்றன. அப்படியிருந்தும் புதிதாக நழுவிய, எலும்பு எதுவும் முறியாத இடுப்பை ஒரு முறை ஏற்றிப் பார்ப்பதை நான் ஆதரிக்கிறேன். மயக்கம் எப்படியும் கொடுத்தாக வேண்டும், வெட்டு இல்லை, நின்றுவிட்டால் அதைவிட நல்லது வேறில்லை. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் ஏற்றுவதை ஆதரிக்க மாட்டேன். ஒவ்வொரு முறையும் எலும்புத் தலையின் குருத்தெலும்பு கிண்ண விளிம்பில் உரசித் தேய்கிறது, பூனை இன்னொரு மயக்கத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது.

நடுப்படியில் பல முறைகள் உள்ளன. அவற்றில் பேர்போனது, நோல்ஸ் குடும்பத்தார் 1953-இல் விவரித்த டாகிள் முறை. தொடைக் கழுத்தின் வழியாகவும் கிண்ணத்தின் தரை வழியாகவும் ஒரு துளை போட்டு, பித்தானைத் துளைக்கு அந்தப்புறம் திருப்பி மாட்டுவதுபோல ஒரு சிறு உலோகத் துண்டைக் கிண்ணத்தின் மறுபக்கம் நிறுத்தி, அதிலிருந்து வரும் வலுவான நூலை அறுந்த தசைநாருக்குப் பதிலாக இழுத்துக் கட்டுவார்கள். இன்னொன்று, எலும்புத் தலையையும் கிண்ணத்தையும் ஊடுருவி ஒரு கம்பியைச் செருகி, சில வாரம் கழித்து உருவிவிடுவது. இரண்டும் அழகான வேலைகள். பூனைகளில் கம்பி முறையைப் பற்றி 2009-இல் 20 பூனைகளையும், டாகிள் முறையைப் பற்றி 2012-இல் 14 பூனைகளையும் வைத்து வந்த பிரிட்டிஷ் ஆய்வுகள் நல்ல பலனைக் காட்டுகின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த முறைகளில் நூலும் கம்பியும் என்றென்றைக்கும் மூட்டைத் தாங்குவதில்லை. புதிய மூட்டுறை தழும்பாகத் திரண்டு பொறுப்பேற்கும்வரைதான் அவை தாங்க வேண்டும். அதற்கு மூன்று நான்கு வாரமாவது ஆகும். அதுவரை பூனை தாவக் கூடாது, ஏறக் கூடாது. தாவினால் நூல் அறும், கம்பி வளையும் அல்லது நகரும்.

இப்போது வீட்டுக்கு வருவோம். ஒரே அறை, அதற்குள் அடுப்பு, டிவி, கட்டில், படிக்கும் பிள்ளைகள், ஐந்து பேர். கதவு பகலெல்லாம் திறந்தே இருக்கும், மூடினால் காற்று வராது. தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் குடங்கள் உள்ளே வரும், பூனை வெளியே போகும். பூனை வைக்கும் கூண்டு இருக்காது, வாங்கினாலும் வைக்க இடமிருக்காது. கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் வைத்தால் இரண்டாம் நாள் அது பீரோவின்மேல் இருக்கும். இதில் வளர்ப்பவரின் அக்கறையில் எந்தக் குறையும் இல்லை. கூலிக்குப் போகிற வீட்டில், பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து நிற்பவரைவிட அக்கறையானவர் யார்? நான்கு வாரக் கூண்டுச் சிறையை அந்த வீட்டால் தர முடியாது, அவ்வளவுதான். தெருவில் திரிந்து, மீன்காரம்மா தலையும் வாலும் போட்டு வளர்க்கும் பூனைக்கு அந்தச் சிறையைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்படியிருக்க, நான்கு வார ஓய்வைச் சார்ந்த ஓர் அறுவையைச் செய்து அனுப்பிவிட்டு, அது நழுவி வந்ததும் 'நீங்கள் கவனிக்கவில்லை' என்று சொல்வது மருத்துவமாகாது. நோயாளியின் இருப்பிடமும் நோயின் பகுதிதான், அறுவையைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைச் சேர்த்து எண்ண வேண்டும்.

எலும்புத் தலையை நீக்கும் அறுவை இந்தக் கணக்கில் எப்படி வேறுபடுகிறது என்று பாருங்கள். மனிதரின் அழுகிய இடுப்பு மூட்டுக்காக கிர்டில்ஸ்டோன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் செய்துவந்தது இது. நாய்களுக்கு இதை 1961-இல் ஸ்ப்ரூல் என்ற கால்நடை மருத்துவர் எழுதிக் காட்டினார். கிண்ணம் காலியாகிறது, தொடையின் மேல்முனை எலும்பைத் தொடாமல் தசைகளுக்கு நடுவில் தொங்குகிறது, இடையில் நார்த்திசு திரண்டு ஒரு பொய்மூட்டு உருவாகிறது. மூன்று, நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு அது போதும். முக்கியமான விஷயம், இந்தப் பொய்மூட்டு அசைவினால்தான் நன்றாக உருவாகிறது. ஓய்வு இதற்குப் பகை. காலை அசைக்காமல் வைத்தால் தசை இறுகி, இடுப்பு விறைத்து, முடிவு கெடும். நடந்தால், படியேறினால், தாவிப் பார்த்தால் நார்த்திசு நீளமாகவும் இளக்கமாகவும் அமையும். தையல் ஆறும்வரை காயத்தை நக்காமலும் உயரத்திலிருந்து குதிக்காமலும் பார்த்துக்கொண்டால் போதும். டாகிள் முறைக்கு எந்த வீடு பகையோ, அதே வீடு இந்த அறுவைக்குத் துணை. கொருக்குப்பேட்டையின் ஓரறை வீட்டில் பூனை நாள் முழுக்கச் செய்வதைத்தான் இயன்முறை மருத்துவர் செய்யச் சொல்வார்.

நலமாக இருக்கும் ஒரு மூட்டை வெட்டி எறிவது அறுவை நெறிக்கு விரோதம் என்பது இதற்கு எழும் முதல் மறுப்பு, கனமான மறுப்பும்கூட. உறுப்பைக் காப்பது அறுவையின் முதல் கடமை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் காப்பது என்றால் எலும்பையா, நடையையா? 2015-இல் வெளிவந்த ஒரு நெடுநாள் ஆய்வு, எலும்புத் தலை நீக்கப்பட்ட 18 பூனைகளைப் பின்தொடர்ந்தது. வளர்த்தவர்களின் கண்ணுக்கு நடை பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. அளந்து பார்த்தால் தொடைத் தசை சற்று மெலிந்தும் கால் சற்றுக் குட்டையாகவும் இருப்பதுண்டு, கால் பின்னோக்கி நீள்வது குறையும். டாகிள் போட்டு நின்ற இடுப்பு, அளவில் இதைவிட மேல். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒப்பிட வேண்டியது நின்ற டாகிளோடு மட்டுமில்லை. இங்கே போடப்படும் டாகிள்களில் எத்தனை நிற்கும் என்பதோடு ஒப்பிட வேண்டும். வெளிநாட்டு ஆய்வுகளில் உள்ள பூனைகள், கூண்டும் தனியறையும் கொண்ட வீடுகளுக்குத் திரும்பியவை. அவற்றின் வெற்றியை நம் ஓரறை வீட்டுக்கு அப்படியே கடன் வாங்க முடியாது. நழுவிய டாகிளுக்கு அடுத்த அறுவை எது? எலும்புத் தலையை நீக்குவதுதான். முதலிலேயே செய்திருந்தால் ஒரு மயக்கமும் ஒரு வெட்டும் பல வார வலியும் மிச்சமாகியிருக்கும். செயற்கை இடுப்பே பொருத்தலாமே என்பார்கள். பூனை அளவுக்கு அவை உண்டு, சில நாடுகளில் பொருத்துகிறார்கள். அதற்கு வேண்டிய கருவியும் பயிற்சியும் செலவும் வேறு உலகத்தவை.

இது மருத்துவரின் சோம்பலுக்குச் சாக்கு, எளிதான வேலையை உயர்ந்ததென்று சொல்லிக்கொள்வது என்றும் ஒரு குரல் எழும். எளிதென்று நினைப்பவர்கள் செய்யும்போதுதான் இந்த அறுவைக்குக் கெட்ட பெயர் வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன். இன்னொரு பக்கத்திலிருந்து வரும் மறுப்பு, எதையுமே வெட்ட வேண்டாம், பூனை தானாகப் பழகிக்கொள்ளும் என்பது. உண்மைதான், ஏற்றப்படாத இடுப்போடும் சில பூனைகள் நடந்துவிடுகின்றன. ஆனால் அங்கே எலும்புத் தலை இடுப்பெலும்பின் பக்கவாட்டில் உரசி உரசித்தான் தனக்கு ஓர் இடம் தேடிக்கொள்கிறது. அந்த உரசல் வலி. பூனை கத்துவதில்லை என்பதால் வலி இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது தாவுவதை நிறுத்தும், பின்னுடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை விடும், மூலையில் சுருண்டிருக்கும். காது, கண், வாய்-மூக்குப் பகுதி, மீசை, தலை வைத்திருக்கும் விதம் என்ற ஐந்தைப் பார்த்துப் பூனையின் வலியை மதிப்பிடும் முறையை மான்ட்ரியல் ஆய்வாளர்கள் 2019-இல் வகுத்தார்கள். ஒரு தாளில் அடங்கும் அந்த முறை ஒவ்வொரு மருந்தகச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டியது. வலிக்கிறது என்று புரிந்துகொண்டவர்கள் வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுப்பது அடுத்த ஆபத்து. பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கும் போதிய திறன் இல்லை. மனிதருக்கான ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். நழுவிய இடுப்பால் எந்தப் பூனையும் சாவதில்லை, அந்த மாத்திரையால் சாகும்.

ஒரு பூனைக்காக இவ்வளவா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை கொருக்குப்பேட்டையிலிருந்து ஆட்டோ தூரம்தான். எக்ஸ்ரேயும் அறுவையும் அங்கே சாதாரண மக்களுக்கு எட்டும் கட்டணத்தில் நடக்கின்றன. எலும்புத் தலை நீக்கத்துக்கு உடம்பில் விட்டுவைக்கும் உலோகம் எதுவும் தேவையில்லை, கூர்மையான எலும்பு உளியோ ரம்பமோ போதும். செலவு குறைவு என்பது இந்த அறுவையின் பெருமை இல்லைதான். ஆனாலும் செலவு குறைவு என்பதால் அது தாழ்ந்ததாகிவிடாது.

என் வாதம் எங்கே நிற்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிர்க்காலும் முறிந்திருக்கும் பூனைக்கு உடனே எடை தாங்கும் ஓர் இடுப்பு வேண்டும். அங்கே டாகிளே சரி, எப்பாடுபட்டாவது ஓய்வுக்கு வழி செய்ய வேண்டும். கூண்டும் தனியறையும் உள்ள வீட்டுப் பூனைக்கும் அப்படியே. மற்ற மூட்டுகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. முழங்கை பெரும்பாலும் வெளிப்பக்கம் நழுவும், சீக்கிரம் வந்தால் கையால் ஏற்றியதே நன்றாக நிற்கும். முழங்காலில் பல தசைநார்கள் ஒரே சமயத்தில் அறுந்திருக்கும், கணுக்காலில் பக்க எலும்பும் சேர்ந்து முறிந்திருக்கும். இவற்றைத் தசையின் பொறுப்பில் விட முடியாது, தற்காலிகக் கம்பியோ வெளிச்சட்டமோ வைத்தே ஆக வேண்டும். அந்தப் பூனைகளை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையிலேயே வைத்திருக்க இடம் வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. வால் அடியில் இழுபட்டு முதுகின் கடைசி மூட்டு நழுவியிருந்தால் மூட்டைவிட நரம்பே பெரிய கவலை. வாலடியில் கிள்ளினால் உணர்கிறதா, தானாகச் சிறுநீர் கழிக்கிறதா என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

இடுப்புக்குத் திரும்பினால், இந்த வாதம் முழுவதும் வெட்டு சரியாக விழுவதைப் பொறுத்தது. தொடை எலும்பின் மேல்முனையில் உள்ள பெரிய மேட்டின் உள் அடியிலிருந்து சின்ன மேட்டுக்குச் சற்று மேலே வரை ஒரே நேர்கோட்டில் கழுத்து முழுவதும் வர வேண்டும். முழங்கால் சில்லு நேர் மேலே பார்க்கும்படி காலைத் திருப்பி வைக்காவிட்டால் உளி சரிந்து, கழுத்தின் பின்பகுதி ஒரு முள்ளாக மிஞ்சிவிடும். அந்த முள் கிண்ண விளிம்பில் உரசும். பூனை வாழ்நாள் முழுக்க நொண்டும், பழி அறுவையின்மேல் விழும். வெட்டியபின் காலை எல்லாத் திசையிலும் சுழற்றி, விரலில் உரசல் தட்டுகிறதா என்று பார்த்து, தட்டினால் அரத்தால் தேய்த்து, பின்னால் ஓடும் பெரிய நரம்பைக் காத்து, மூட்டுறையைக் கிண்ணத்தின்மேல் மூடித் தைத்து, மேசையைவிட்டு இறக்குமுன் ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முள் தெரிந்தால் அன்றைக்கே திரும்பத் திறப்பதுதான் சரி. வீட்டாருக்குச் சொல்ல வேண்டியது குறைவு. எடைக்கேற்ப நாங்கள் அளந்து தரும் வலி மருந்தைத் தவிர வேறெதுவும் கொடுக்காதீர்கள். தையல் பிரித்ததும் அதன் போக்கில் நடக்க விடுங்கள். மடியில் வைத்துக் காலை மெதுவாகப் பின்னோக்கி நீட்டி மடக்குங்கள். தீனியைக் கூட்டிக் கொழுக்க வைக்காதீர்கள். முதலில் விரல் நுனியைத்தான் ஊன்றும், வாரங்கள் போகப் போக முழுப் பாதமும் ஊன்றும், தசை தேறச் சில மாதமாகும். இரண்டு வாரமாகியும் நுனியைக்கூடத் தரையில் வைக்காவிட்டால் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள்.